அழுகிறவரை அழவிடும்

அன்பின் அக்கா,

மானிப்பாயில் இருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், ஞாயிறு பாடசாலையும் நடத்துகிறேன். கிறிஸ்தவ நோக்கில் உளவளத்துணை (கவுன்சலிங்) முதுமாணிப் படிப்பு ஒன்றை வெளிநாட்டு இறையியல் கல்லூரி இணையவழியில் நடத்துகிறது. கட்டணத்தைத் தவணையில் கட்டலாம். சேரட்டுமா? உளவியல் வேதத்துக்கு விரோதம் என்று எங்கள் ஜெபக்குழுவில் ஒருவர் சொல்கிறார். என்னிடம் மனம் விட்டுப் பேச வருகிறவர்களில் பலர் சைவர்கள். அவர்களோடு எப்படிப் பேசுவது? அழுதுகொண்டு வருகிறவர்களைச் சீக்கிரம் தேற்றிவிடக் கற்கவேண்டும், அதுதான் என் ஆசை.

ஜெ.

அன்பின் தம்பி,

உம்முடைய கடைசி வரியில் நான் நின்றுவிட்டேன். போன மாதம் ஒரு செத்தவீட்டில், மகனைப் பறிகொடுத்த தாயிடம் ஒருவர் குனிந்து, "அழாதேங்கோ அம்மா, பிள்ளை கர்த்தரிட்டப் போட்டான்" என்றார். அந்த மனுசி வாயைப் பொத்திக்கொண்டா. அன்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜெபக்குழு நண்பரின் சண்டை பழையது. அமெரிக்காவில் ஃபுல்லர் இறையியல் கல்லூரி 1965இலேயே உளவியலுக்கென்று ஒரு பட்டமேற்படிப்புப் பள்ளியைத் தொடங்கியது. 1970இல் ஜே ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் போதகர், வேதம் போதும், உளவியல் வேண்டாம் என்று எழுதினார். இரண்டு பக்கமும் விசுவாசிகள்தான். அந்த நண்பரோடு வாதாடி உமது நேரத்தைக் கரைக்காதேயும்.

சீக்கிரம் தேற்றுவது என்று எழுதினீரே, அதுதான் எனக்குக் கோபம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் இருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபிறகுதான் எல்லாம் கெட்டது. 88ஆம் சங்கீதத்தை இன்று இரவு வாசித்துப் பாரும். இருளோடேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் இல்லை. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். நாங்களோ துதிப் பாட்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, ஒப்பாரி வைக்கிறவளை விசுவாசம் குறைந்தவள் என்று பார்க்கிறோம். கத்தோலிக்கர் இந்த விஷயத்தில் எங்களைவிட நல்லம். 18ஆம் நூற்றாண்டில் கொன்சால்வஸ் சுவாமி இயேசுவின் பாடுகளைப் பற்றி எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இழுத்து வாசிக்கும்போது வாய்விட்டு அழுகிற சனத்தை யாரும் அடக்குவதில்லை.

யாழ்ப்பாணத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்த 95 ஒக்டோபர் 30 இரவு மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டிப் போய், தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். எங்களோடு கைக்குழந்தையை இழந்த ஒரு தாய் இருந்தா. ஒரு போதகர் வந்து ஜெபித்து, கடவுளுடைய சித்தம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தாய் கல்லாகிப் போனா. என் அம்மம்மா பக்கத்தில் போய் இருந்து, அந்தத் தலையை மடியில் போட்டு, ஒப்பாரி வைக்கத் தொடங்கினா. கொஞ்ச நேரத்தில் அந்தத் தாயும் சேர்ந்து கதறினா. அடுத்த நாள் பொழுதுபட்டபிறகுதான் குடிக்கத் தண்ணி கேட்டா. அம்மம்மா எந்தப் பட்டமும் படிக்கவில்லை. ஆனால் உமது பாடத்திட்டத்தில் அந்த மடி இல்லையென்றால் அந்தப் பட்டம் உமக்கு எதற்கு?

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டத்தில் போய் இருந்தார்களே, அவர்களில் ஒருத்தி நாளை உம்மிடம் வந்தால் என்ன சொல்லித் தேற்றுவீர்? பிள்ளை இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத துக்கம் அது. மன்னித்துவிடுங்கோ என்று அவளிடம் சொல்ல உமக்கு என்ன உரிமை? யாரை மன்னிக்கச் சொல்வீர்? சைவர்களோடு எப்படி என்ற கேள்விக்கும் இதுதான் என் பதில். அவள் முருகனைத் திட்டினால் திட்டட்டும், கும்பிட்டால் கும்பிடட்டும். அவள் கேட்காமல் வசனத்தை எடுக்காதேயும்.

சரி, படிப்பு. 1925இல் அன்ரன் பொய்சன் என்ற போதகர் இறையியல் மாணவர்களை மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டர் மனநோய் வைத்தியசாலைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அவரே முன்பு நோயாளியாக இருந்தவர். புத்தகத்தை வாசிப்பதுபோல மனிதரை வாசியுங்கள் என்று கற்பித்தார். அமெரிக்காவில் இன்றும் முறையான அங்கீகாரம் பெற்ற உளவளத்துணை முதுமாணிப் படிப்பென்றால் 100 மணித்தியாலப் பயிற்சியும் அதற்குமேல் 600 மணித்தியாலக் களப்பயிற்சியும் உண்டு, மேற்பார்வையோடு. எங்கள் ஊரில் சாந்திகம் என்ற உளவளத்துணை நிறுவனம் போருக்கு நடுவிலேயே உளவளத்துணையாளர்களைப் பயிற்றியது. குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டிருக்கின்றன என்று மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். ஒரு மனிதரை அறைக்குள் தனியே இருத்திப் பேசுவதை மட்டும் கற்றுவிட்டு இங்கே வந்தீரென்றால் பாதி வேலைதான் நடக்கும்.

ஆகவே அந்தக் கல்லூரிக்கு எழுதிக் கேளும். யாழ்ப்பாணத்தில் எத்தனை மணித்தியாலம் ஆட்களோடு இருக்கவேண்டும்? தமிழில் நடக்கிற அந்தப் பேச்சைக் கேட்டு என்னைத் திருத்தப்போகிறவர் யார்? அவருக்குத் தமிழ் தெரியுமா? பதில் வரும்வரை முதல் தவணையைக்கூடக் கட்டாதேயும்.