வானில் சாகசம் காட்டும் பழைய ஏரோபாட்டிக் மாடல் விமானத்தைப் பாதி அளவில் கட்டினால் அதேபோல் பறக்குமா?

பறக்கும், ஆனால் அதேபோல் அல்ல. 1967-இல் பில் கிராஃப்ட் ரேடியோவால் இயக்கும் மாடல் விமானங்களுக்கான உலகப் பட்டம் வென்ற குவிக் ஃபிளை, 1977-இல் ஹன்னோ பிரெட்னர் வென்ற குராரே போன்றவை ஏறத்தாழ 10 சி.சி. எஞ்சினுக்காக வரையப்பட்டவை. வரைபடத்தைப் பாதியாகச் சுருக்கினால் இறக்கைப் பரப்பு நான்கில் ஒன்றாகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் பாதியாவதால் எடையோ எட்டில் ஒன்றாக வேண்டும். 3.2 கிலோ விமானம் 400 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்று பொருள். அங்கேதான் பலர் தோற்கிறார்கள். பசையும் பெயின்ட்டும் தாமாகச் சுருங்குவதில்லையே!

ஆகவே மாடல் கட்டப் பயன்படும் லேசான பால்சா மரப் பலகையை வாங்கும்போதே தராசில் வைத்துப் பாருங்கள். ஒரே தடிமனில் ஒன்று மற்றதைவிட இரு மடங்கு கனக்கக்கூடும். லேசானதை வாலுக்கு ஒதுக்குங்கள். வாலில் ஏறும் ஒரு கிராமைச் சமன்செய்ய மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைக்க நேரிடும். உப்புத்தாள் தேய்க்கையில் இறக்கையின் முன்விளிம்பைக் கூராக்கிவிடாதீர்கள்; சிறிய இறக்கையில் அது திடீரென ஸ்டால் ஆக, அதாவது தூக்குவிசை இழந்து விழ, வைக்கும். வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே வளைவில் இருக்கின்றனவா என்று அட்டையில் வெட்டிய அச்சை வைத்துச் சரிபாருங்கள்.

சிறியது உருளும்போது துள்ளும், காற்றில் அலையும். பெரியதுதான் அகலமான லூப்பை, அதாவது செங்குத்து வட்டத்தை, நிதானமாக, ஒரே வேகத்தில் வரையும். அந்த அழகுக்காகவே முழு அளவில் ஒன்று கட்டுங்கள் என்பேன். இரண்டிலும் முதல் பறப்புக்கு ஈர்ப்பு மையத்தைச் சற்று முன்னே வையுங்கள்.