அறுவைக்கு முன் வரும் அச்சம்

அன்புத் தங்கைக்கு,

மூன்று வாரத்தில் திருநங்கையருக்கான யோனி அமைப்பு அறுவை இருக்க, மருத்துவர் எல்லாம் சரி என்று சொல்லியும் மனம் தயாராகவில்லை என எழுதியிருந்தீர்கள். அந்த அச்சம், உங்கள் முடிவு தவறு என்பதற்கு அடையாளம் அன்று. இதே அறுவைக்கு முன் எனக்கும் ஒப்புதல் படிவத்தில் இருந்த அபாயங்கள் தெரிந்திருந்தனவே தவிர, பிந்தைய நாள்களைப் பற்றி எவரும் சொல்லவில்லை. கட்டுப் பிரித்த பிறகு செவிலியர் நீட்டியபோதுதான், புதிய யோனி சுருங்காமல் இருக்க உள்ளே செலுத்தும் டைலேட்டரை முதன்முதலாகப் பார்த்தேன், கை நடுங்கியது. முதல் மாதங்களில் நாள்தோறும் பலமுறை பயன்படுத்த வேண்டிய கருவி அது. பின்னர் முறைகள் குறைந்தாலும் பழக்கம் தொடர வேண்டும். ஆகவே அதை இப்போதே காட்டச் சொல்லுங்கள். ஹார்மோன் மாத்திரையை நிறுத்த வேண்டுமா, அறுவை நடக்கும் இடத்தில் செய்த முடி நீக்கம் போதுமா, உணர்வு திரும்ப எத்தனை மாதம் ஆகும் என்பவற்றைத் தாளில் எழுதிக் கேளுங்கள். வீடு திரும்பியதும் உடனிருந்து கவனிக்கப்போவது யார் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். தெளிவு கிடைக்காவிட்டால் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.