அகராதிக்கு அடியில் வைக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொங்கலுக்கு உறவினர்களுக்கு நானே வாழ்த்து அட்டை செய்து அனுப்புவது வழக்கம். இந்த ஆண்டு விளிம்பைச் சுற்றி ஊசியால் துளையிட்டுப் பூக்கரை அமைத்தேன். எவ்வளவு கவனமாகக் குத்தினாலும் கரை எடுப்பாகத் தெரிவதில்லை. குத்தும்போது அட்டை வளைந்துவிடுவதால், இரவு முழுவதும் அகராதிக்கு அடியில் வைத்து நிமிர்த்துகிறேன். ஓர் அட்டை தபாலில் போய்ச் சேரும்போது கரையோடு கிழிந்திருந்ததாம். எந்த ஊசி வாங்கினால் சரியாக வரும்? இயந்திரத்தில் வெட்டிய அட்டையையே வாங்கிவிடலாம் என்கிறாள் மகள்.

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

மகள் வாங்கட்டும். அவள் பணம், அவள் விருப்பம். அட்டை கிழிந்ததிலும் மர்மம் ஒன்றும் இல்லை. 1854இல் பிரிட்டனில் தபால்தலைகளைச் சுற்றித் துளை போட்டு விற்கத் தொடங்கியதே சுலபமாகக் கிழிப்பதற்காகத்தான். நேர்க்கோட்டில் நெருக்கி நெருக்கிக் குத்தினால் தாள் அங்கேதான் கிழியும். இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள், மடிப்பின்மேல் குத்தாதீர்கள்.

அகராதிக்கு வருகிறேன். அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சற்று நேரம் நடந்துவிட்டு வந்தேன். மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து செய்த வேலையை இரவோடு இரவாக நீங்களே அழித்திருக்கிறீர்கள் அம்மா.

ஊசி தாளை வெட்டி எடுப்பதில்லை; ஒதுக்கித் தள்ளுகிறது. இயந்திரம் வட்டம் வட்டமாக வெட்டி எறிந்துவிடும், இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். ஊசி நுழையும் பக்கம் வழவழப்பாகக் குழிகிறது. வெளியே வரும் பக்கத்தில் தாளின் நார்கள் பிளந்து சிறு மேடாக எழுந்து நிற்கின்றன. அந்த மேட்டின்மேல் பக்கவாட்டில் வெளிச்சம் பட்டு நிழல் விழும்போதுதான் கரை கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும். அகராதி மேட்டையெல்லாம் நசுக்கிவிட்டது. மிஞ்சியது வெறும் ஓட்டை. அப்புறம் எடுப்பாக இல்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள்!

சில வாரங்களாக என் அத்தையின் நினைவாகவே இருந்தேன்; உங்கள் கடிதம் அந்த நேரம் பார்த்து வந்தது. மதுரையில் ரவிக்கைக்கும் புடவைக்கும் பூவேலை செய்து கொடுத்தவர். டிரேசிங் தாளில் மாங்காயும் கொடியும் வரைந்து, அடியில் போர்வையை மடித்துப் போட்டு, கோட்டின்மேல் ஊசியால் குத்திக்கொண்டே போவார். முடிந்ததும் தாளைத் திருப்பி உப்புத்தாளால் மெல்லத் தேய்ப்பார். மேடு உதிர்ந்து துளைகள் திறந்துகொள்ளும். பிறகு தாளைத் துணியின்மேல் பரப்பி, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைப் பஞ்சால் தொட்டுத் தேய்ப்பார். தாளை எடுத்தால் துணியில் கொடி புள்ளி புள்ளியாக இறங்கியிருக்கும்.

தேய்ப்பதற்கு முன்னால் அந்தச் சொரசொரப்பைத் தடவிப் பார்க்க எனக்கு ஆசை. கை நீண்டால் முதுகில் ஒன்று விழும். “அழுக்குக் கையோடு வராதே” என்பார். கொஞ்ச நேரம் கழித்து, வீணான தாளின் ஓரத்தில் நாலு குத்துக் குத்தி, அதை மட்டும் கிழித்து என் கையில் கொடுப்பார்.

அத்தைக்குத் துளை வேண்டும், மேடு ஆகாது. லண்டனில் ஜோசப் ஆடன்புரூக் என்பவர் 1834இல் செய்ததும் இதுதான். புடைப்பு அச்சிட்ட தாளின் மேடுகளை அவர் அரத்தால் தேய்த்தார். மேடு போன இடத்தில் துளை விழுந்தது. காதலர் தின அட்டைகளை அலங்கரித்த லேஸ் தாள் அப்படி உருவானது. இவர்கள் இருவரும் தேய்த்துத் தள்ளிய மேடுதான் உங்களுக்கு மூலதனம். நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் ஊசிக்குத்துப் படங்கள் செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முகத்தையும் கைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிவிட்டு, உடையை முழுக்க ஊசியாலேயே நிரப்புவார்கள். வெவ்வேறு பருமனுள்ள ஊசிகளால், முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் குத்தி, வண்ணமே இல்லாமல் துணியின் மடிப்பைக் காட்டினார்கள்.

நீங்களும் பூவின் வெளிக்கோட்டை முன்னாலிருந்து குத்துங்கள். இதழின் உட்பகுதியைப் பின்னாலிருந்து. பின்னாலிருந்து குத்தும்போது இடவலம் மாறும், பெயர் எழுதுவதாக இருந்தால் கவனம். பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் புள்ளியெழுத்தை, பலகையில் தாளை மாட்டி வலமிருந்து இடமாகக் குத்துவது இதனால்தான். திருப்பினால்தான் புள்ளி விரலுக்கு எழும். பிரெயில் புத்தகங்களைப் படுக்கவைத்து அடுக்கக் கூடாது, நிறுத்தித்தான் வைக்க வேண்டும் என்பார்கள். புள்ளி நசுங்கிவிடுமாம். நீங்களோ அகராதியைத் தூக்கி வைக்கிறீர்கள்!

அட்டை வளைந்தால் அடியில் இருக்கும் மெத்தை அதிகம் அமுங்குகிறது என்று பொருள். தலையணை வேண்டாம், மடித்த கம்பளி போதும். நிமிர்த்தியே ஆக வேண்டுமென்றால் கரையில் படாதபடி நடுவில் மட்டும் சின்னப் புத்தகம் ஒன்றை வையுங்கள். என் கவிதைத் தொகுப்புகள் அதற்குப் பொருத்தம். கனம் குறைவு என்று விமர்சகர்களே சொல்லியிருக்கிறார்கள்.

ஊசியைத்தானே கேட்டீர்கள்? ஒன்றும் வாங்க வேண்டாம். தையல் பெட்டியில் மெலிந்தது ஒன்று, தடித்தது ஒன்று இருக்கும். காதுப் பக்கத்தை ஒரு தக்கையில் செருகிக்கொள்ளுங்கள், விரல் நோகாது.

அடுத்த பொங்கலுக்கு எனக்கும் ஓர் அட்டை அனுப்புங்கள். ஆனால் உறையின்மேல் முகவரியை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு அட்டையை உள்ளே வையுங்கள். உள்ளே வைத்துவிட்டு மேலே பேனாவை அழுத்தி எழுதுகிற ஆள் நீங்கள் என்று எனக்குச் சந்தேகம்.