தாத்தாவின் வயலினும் பேத்தியின் கிதாரும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இசை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். இது எங்கள் வீட்டு விஷயம்.

என் தாத்தா வயலின் வாசித்தவர். அப்பா அவரிடம்தான் கற்றார். இருவருமே மேடை ஏறியவர்கள் இல்லை. வேலை முடிந்து வந்து வீட்டில் வாசிப்பார்கள். நான் புல்லாங்குழல் பக்கம் போனேன். வேலை, குடும்பம் என்று ஆன பிறகு குழல் அலமாரியில் கிடக்கிறது. என் மகளுக்கு இப்போது 13 வயது. 7 வயதில் அப்பாவே அவளுக்கு வயலின் தொடங்கிவைத்தார். நன்றாகவே வாசித்தாள். போன வருஷம் ஒருநாள், இனி வயலின் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இப்போது எலெக்ட்ரிக் கிதார். கதவைச் சாத்தி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வாசிக்கிறாள். ட்யூனர்கூட இல்லாமல் காதாலேயே கம்பிகளைச் சேர்க்கிறாள், அது மட்டும் ஆச்சரியம்.

அப்பாவுக்குப் பெரிய வருத்தம். "இத்தோட முடிஞ்சுது" என்கிறார். விரல் வலியால் அவரும் இரண்டு வருஷமாக வயலினைத் தொடுவதில்லை. அவள் வாசித்த நாட்களில் அடுத்த அறையில் இருந்தபடியே "காந்தாரம் இறங்குது பார்" என்று திருத்துவார். இப்போது அதுவும் இல்லை. தாத்தாவின் வயலினை வாசிக்கிறவர் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார். மகளைக் கொஞ்சம் வற்புறுத்திப் பார்க்கலாமா? வயலினைக் கொடுத்துவிடலாமா?

– ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன இரண்டு விஷயங்களிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்று, மகள் காதாலேயே கம்பிகளைச் சேர்ப்பது. இன்னொன்று, அடுத்த அறையிலிருந்து வந்த அந்தக் "காந்தாரம் இறங்குது பார்".

முதலாவதை எடுத்துக்கொள்வோம். வயலினில் மெட்டுகள், அதாவது விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் குறுக்குக் கம்பிகள், கிடையாது. விரல் ஒரு நூல் தள்ளிப் போனாலும் ஸ்வரம் மாறிவிடும். இங்கே வை என்று காட்ட விரல்பலகையில் எதுவும் இல்லை. காதுதான் விரலை நடத்தவேண்டும். ஐந்து வருஷம் அதில் பழகிய பிள்ளைக்கு ஸ்ருதி உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. கிதாரில் மெட்டு உண்டு. ஆனாலும் எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பவர்கள் கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளி, ஒரு ஸ்வரத்திலிருந்து மேல் ஸ்வரத்துக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். எங்கே நிறுத்துவது என்று மெட்டு சொல்லாது. வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் கொடுப்பவர்களுக்கும் இதே வேலைதான். உங்கள் மகள் அப்படி இழுக்கும்போது ஒருமுறை கூர்ந்து கேளுங்கள். சரியான இடத்தில் போய் நிற்கிறதென்றால் அதைச் சொல்லிக்கொடுத்தவர் உங்கள் அப்பா. அவரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். "இத்தோட முடிஞ்சுது" என்று அதற்குப் பிறகும் அவர் சொல்வாரா என்று பார்ப்போம்.

பரம்பரை என்றால் ஒரே வாத்தியம் கை மாறி வருவது என்று நாம் எப்படியோ முடிவுகட்டி வைத்திருக்கிறோம். பெரிய இசைக் குடும்பங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. வீணை தனம்மாளை (1867–1938) எடுத்துக்கொள்ளுங்கள். பேத்திகளில் பிருந்தாவும் முக்தாவும் பாடினார்கள், பாலசரஸ்வதி ஆடினார். பேரன்களில் ரங்கநாதன் மிருதங்கம், விஸ்வநாதன் புல்லாங்குழல். விஸ்வநாதனுக்குக் குழல் கற்றுக்கொடுத்தவர் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை. அவர் யார்? பேர்பெற்ற நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை. நாகஸ்வரத்திலிருந்து குழலுக்கு வந்தவர். ஆக, வீணைக்காரப் பாட்டியின் பேரன், நாகஸ்வர வீட்டிலிருந்து வந்த ஒருவரிடம் குழல் கற்றுக்கொள்கிறான். அந்தக் குடும்பத்தில் வீணை அறுந்துபோனது என்று யாரும் அழவில்லை. விஸ்வநாதனின் குழலைக் கேட்டால் வாய்ப்பாட்டைக் கேட்பதுபோலவே இருக்கும்: அவசரம் இல்லாமல், ஒவ்வொரு கமகத்துக்கும் இடம் விட்டு. தனம்மாளின் வீட்டில் எல்லோரும் கேட்டு வளர்ந்தது அந்த நிதானத்தைத்தான். மூங்கில், தோல், குரல், கால் என்று எதில் இறங்கினாலும் அது கூடவே வந்தது.

ஜெர்மனியின் பாக் குடும்பத்தில் ஆறேழு தலைமுறை இசைக்காரர்கள். 1735இல் யோஹான் செபாஸ்டியன் பாக் தன் குடும்ப வரலாற்றை எழுதிவைத்தார். 53 பேர் அதில் இருக்கிறார்கள். முதல் ஆள் வைட் பாக். ரொட்டி சுடுபவர். இசை அவருடைய தொழிலே இல்லை. மாவு அரைக்க மில்லுக்குப் போகும்போது சிட்டர்ன் என்கிற சின்னத் தந்தி வாத்தியத்தையும் எடுத்துப்போவாராம். கல் சுற்றிக்கொண்டிருக்கும், இவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருப்பார். இரண்டும் சேர்ந்து எவ்வளவு அழகாகக் கேட்டிருக்கும் என்று பாக் எழுதுகிறார்; வைட்டுக்குத் தாளம் பிடிபட்டது அங்கேதான் என்றும், தங்கள் குடும்பத்தில் இசை தொடங்கியதே இப்படித்தான் என்றும் சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 53 பேரின் வரிசைக்குத் தலையில் நிற்பவர் ஒரு மேதை இல்லை. வேலைக்கு நடுவே, யாரும் கேட்காவிட்டாலும், தனக்காக வாசித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர். உங்கள் தாத்தாவும் அந்த ஜாதிதானே?

அதே பாக், மனைவி அன்னா மக்டலேனாவுக்காக 1725இல் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினார். அவர் இயற்றியவையும் அதில் இருக்கின்றன, பிறருடையவையும் இருக்கின்றன. பியானோ படிக்கும் குழந்தைகள் உலகெங்கும் வாசிக்கிற அந்த ஜி மேஜர் மினுவெட் என்கிற சின்ன நடன இசை அந்த நோட்டில் இருந்துதான் வந்தது. ரொம்ப நாள் பாக் எழுதியதாகவே நினைத்தார்கள், பிறகுதான் அது கிறிஸ்டியன் பெட்சோல்ட் என்பவருடையது என்று தெரிந்தது. பாக்கின் பையன் கார்ல் பிலிப் இமானுவேலின் ஆரம்பகால முயற்சிகளும் அதே நோட்டில் இருக்கின்றன. பிள்ளை எழுதியதற்கென்று தனி நோட்டு இல்லை. எல்லாம் ஒன்றாக, வீட்டில் எல்லோரும் வாசிப்பதற்காக.

சரி, இரண்டாவது விஷயம். "காந்தாரம் இறங்குது பார்."

உங்கள் அப்பாவைக் குறை சொல்லவில்லை. நல்ல காது உள்ளவருக்கு ஸ்வரம் இறங்கினால் உடம்பு தாங்காது. வாயிலிருந்து தானாக வந்துவிடும். ஆனால் நீங்கள் எழுதியதை மகளின் இடத்திலிருந்து பாருங்கள். அவள் வயலினை விடுவதற்கு முன்பே தாத்தா வாசிப்பதை நிறுத்திவிட்டார். அப்பாவின் குழல் அலமாரிக்குள். கடைசி வருஷத்தில் அந்த வீட்டில் வாத்தியத்தைக் கையில் எடுத்த ஒரே ஆள் அவள்தான், மற்ற எல்லோரும் கேட்டுத் திருத்துகிறவர்கள். பெரியவர்கள் ஆசையாக வாசிப்பதைப் பார்க்காமல், பிழையை மட்டும் கேட்டு ஒரு பிள்ளை எத்தனை நாள் தாங்கும்? அவள் கதவைச் சாத்தியது இசையை வெளியே நிறுத்த இல்லை. ஹெட்ஃபோனுக்குள் அவள் தப்பாக வாசிக்கலாம், ஒரே இடத்தை நூறு தடவை தடுமாறலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அந்த இடம் அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. விளையாட்டாக ஒரு பிள்ளை மணிக்கணக்கில் வாசிக்காது. உங்கள் வீட்டு ஆசை அந்த அறைக்குள் உயிரோடுதான் இருக்கிறது.

ஜப்பானில் ஷினிச்சி சுசுகியின் கதை இங்கே பொருந்தும். அவருடைய அப்பா நகோயாவில் வயலின் தொழிற்சாலையே நடத்தியவர். வீட்டைச் சுற்றி வயலின்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டுச் சாமான். கிட்டத்தட்ட 17 வயது வரை ஷினிச்சிக்கு அதை வாசிக்கவேண்டும் என்றே தோன்றவில்லை. ஒருநாள் கிராமஃபோன் தட்டில் மிஷா எல்மன் வாசித்த ஷூபர்ட்டின் 'ஆவே மரியா'வைக் கேட்டார். வயலினுக்குள் இப்படி ஒரு குரல் இருக்கிறதா என்று ஆடிப்போனார். அதற்குப் பிறகுதான் வில்லைக் கையில் எடுத்தார். பிற்காலத்தில் குழந்தைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்க அவர் உருவாக்கிய முறையில் முதலில் கற்றுக்கொள்வது குழந்தை இல்லை. அம்மாவோ அப்பாவோ ஒருவர் வாசிக்கக் கற்கவேண்டும். குழந்தை பக்கத்தில் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் அதுவே "எனக்கும் கொடு" என்று கேட்கும். அன்றைக்குத்தான் சின்ன வயலின் அதன் கைக்கு வரும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், கோரா என்கிற தந்தி வாத்தியத்தில் மேதையான துமானி ஜபாத்தேவுக்கும் (1965–2024) ஏறக்குறைய இதேதான். அவருடைய அப்பா சிதிகியும் பெரிய கோரா கலைஞர். ஆனால் உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. 21 தந்திகள் கொண்ட அந்த வாத்தியத்தை மகன் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டார். துமானியும் தன் மகனும் சேர்ந்து வாசித்த இசைத்தொகுப்பு 2014இல் வந்தது. தாத்தாவின் பெயரையே கொண்ட மகன் சிதிகி, மேற்கு ஆப்பிரிக்க இளைஞர்கள் கொண்டாடும் பாப் பாடகரும்கூட. அப்பா அதற்காக அவரைத் தள்ளிவைக்கவில்லை, கூட உட்கார்ந்து வாசித்தார்.

கடுமையாகப் பழக்கியும் மேதைகள் வந்திருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். வந்திருக்கிறார்கள். மைஹரில் சரோத் மேதை அலாவுதீன் கான் மகன் அலி அக்பரைப் பழக்கிய விதம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அது வாழ்க்கை முழுவதையும் அதற்கே எழுதிவைத்த வீடு, அப்பாவும் நாளெல்லாம் வாசித்த வீடு. உங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இருப்பது வேறு: வேலை முடிந்து வந்து வாசிப்பது. அதற்கு வற்புறுத்தல் ஒத்துவராது. வற்புறுத்தினால் வயலின் ஒருவேளை திரும்பக் கிடைக்கலாம், கிதாரில் இருக்கிற ஆசை போய்விடும். எனவே என் பதில், வேண்டாம்.

செய்யவேண்டியது வேறு இருக்கிறது. முதலில் நீங்கள் குழலை எடுங்கள். மகளுக்காக என்று இல்லை, உங்களுக்காக. ஆரம்பத்தில் காற்றுதான் வரும், உதடு பழைய இடத்துக்குத் திரும்பக் கொஞ்ச நாள் ஆகும். பரவாயில்லை, அதை அவள் கேட்கட்டும். அப்பா தடுமாறிக்கொண்டு வாசிப்பதைக் கேட்பது அவளுக்கு நல்லது. கதவைத் திறந்துவைத்து வாசியுங்கள்.

அப்புறம் அப்பா. விரல் வலிக்கு டாக்டர் என்ன சொல்கிறாரோ அதைக் கேளுங்கள். வாசிக்கலாம் என்றால் ஸ்ருதியை வழக்கத்தைவிட ஒரு கட்டை இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கம்பியின் இறுக்கம் குறையும், இடதுகை விரல்களுக்கு அழுத்தம் அவ்வளவு வேண்டாம். நீண்ட ஆலாபனையெல்லாம் வேண்டியதில்லை. வில்லை நீளமாக இழுத்து ஷட்ஜத்தில் நின்றாலே வீடு நிறைந்துவிடும்.

மூவரும் சேர்ந்து உட்கார ஒரு வழி சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்தது. கிதாரின் தடித்த கம்பி வழக்கமாக, மேற்கத்திய ஸ்வரப் பெயரில், ஈ. அதை ஒரு முழு ஸ்வரம் இறக்கி டி ஆக்கினால் தடித்த மூன்று கம்பிகளும் டி, ஏ, டி என்று ஆகிவிடும். 'டிராப் டி' என்று உங்கள் மகளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். நம் கணக்கில் அது 2 கட்டை ஸ்ருதியில் ச–ப–ச. அப்பாவின் வயலினையும் 2 கட்டைக்குச் சேர்த்தால் ச–ப–ச–ப. அவள் அந்த மூன்று கம்பிகளை மெதுவாக மீட்டிக்கொண்டே இருந்தால் போதும், தம்புரா கிடைத்துவிட்டது. அதன்மேல் அவர் மோகன ராகத்தில் நாலு பிடி வாசிக்கட்டும். பிறகு அவள் கம்பியை இழுத்துப் பதில் சொல்லட்டும், இவர் மீட்டட்டும். குழலை மட்டும் முறுக்கி ஸ்ருதி சேர்க்க முடியாது; உங்களுடையது வேறு கட்டை என்றால் 2 கட்டைக் குழல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இதை நீங்களாக ஏற்பாடு செய்யாதீர்கள். "தாத்தாவுக்கு ஸ்ருதிக்கு ஆள் வேணுமாம், வர்றியா?" என்று ஒருமுறை கேளுங்கள். வரமாட்டேன் என்றால் விட்டுவிட்டு, இன்னொரு வாரம் கேளுங்கள். வந்தால் அந்த அரைமணி நேரத்துக்கு யாரும் யாரையும் திருத்தக்கூடாது என்று அப்பாவிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். காந்தாரம் இறங்கினால் இறங்கட்டும். ஃபோனில் படம் எடுக்கவேண்டாம், சொந்தக்காரர்களுக்கு அனுப்பவேண்டாம். மறுபடி அது தேர்வு ஆகிவிடும்.

வயலினைக் கொடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். சும்மா கிடந்தாலும் அதற்குக் கவனிப்பு தேவை. கம்பிகளை முழுக்கத் தளர்த்திவிடாதீர்கள். கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜ் சாய்ந்துவிடும், உள்ளே மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே நிற்கிற சின்னக் குச்சியும் விழக்கூடும். அது வெறும் அழுத்தத்தில்தான் நிற்கிறது, பசையில் இல்லை. வில்லின் முடியை மட்டும் தளர்த்தி வையுங்கள். பெட்டியை அவ்வப்போது திறந்து காற்றாட விடுங்கள். மூடியே கிடந்தால் பூச்சி முடியை அரித்துவிடும். விளிம்பில் பசை விட்டிருந்தால் பயப்படவேண்டாம். மரம் பிளக்காமல் பசை விடவேண்டும் என்றுதான் அப்படி ஒட்டுகிறார்கள், பழுது பார்ப்பவர் திரும்ப ஒட்டித் தருவார்.

இன்னொன்றும் தோன்றுகிறது. 7 வயதில் அவள் சின்ன அளவு வயலினில்தான் தொடங்கியிருப்பாள். முழு அளவு வயலின் பொதுவாக 11, 12 வயதில்தான் கைக்குப் பொருந்தும். அப்படியென்றால் அவள் நிறுத்தும்போது அந்தப் பழைய வயலின் அவளிடம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், இல்லையா? இன்னும் சில வருஷம் போகட்டும். அப்போதும் யாருக்கும் வேண்டாம் என்றால், வாசிக்கிற பிள்ளை ஒன்றைத் தேடிப்பிடித்து மகிழ்ச்சியாகக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அன்புடன்.