தொழிற்சங்கம் தொடங்கும்போது நிர்வாகம் என்னென்ன செய்யும்? – கேள்வி பதில்

கேள்வி (ஒரகடம், உதிரிபாகத் தொழிற்சாலை): சங்கம் தொடங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்ததும் நிர்வாகமே ஒரு ‘தொழிலாளர் குழு’ அமைத்து, சம்பள உயர்வும் அறிவித்துவிட்டது. இதில் தவறு உண்டா?

பதில்: குழு அமைப்பது தவறாகாது, சங்கத்தின் இடத்தில் அதை உட்காரவைப்பதுதான் தவறு. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இரு தரப்புக் குழு ஒன்றுக்குச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் அது அன்றாட உரசல்களைத் தீர்ப்பதற்கானது, கூட்டுப்பேரத்தில், அதாவது தொழிலாளர் சார்பில் சம்பளம், வேலை நிலைமை பற்றிப் பேசி முடிப்பதில், சங்கத்துக்கு மாற்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 1960-லேயே கூறிவிட்டது. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் நீடித்துக்கொண்டிருந்தபோதே, அக்டோபர் 7 அன்று, நிர்வாகம் தொழிலாளர் குழு ஒன்றுடன் மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உள்ளிட்ட உடன்பாட்டைச் செய்துகொண்டது. வேலைநிறுத்தத்தில் இருந்தவர்களோ சங்கத்தை ஏற்கவேண்டும் என்ற கோரிக்கையிலிருந்து இறங்கவில்லை.

சங்கம் உருவாகும் தறுவாயில் அதைக் குலைக்கும் நோக்கத்துடன் சம்பளத்தை உயர்த்துவது, 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்திலும், 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும், நேர்மையற்ற தொழில் நடவடிக்கை என்றே பட்டியலிடப்பட்டுள்ளது. பணத்தைத் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். அதனோடு நீட்டப்படும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி (அதே பகுதி, வேறு ஆலை): பதிவுக்கு மனு கொடுத்துப் பல மாதங்கள் ஆகின்றன. நிர்வாகம் ஆட்சேபம் தெரிவித்திருப்பதாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கு இதில் என்ன வேலை?

பதில்: ஏழு பேர் கையெழுத்திட்டு, மொத்தத் தொழிலாளரில் 10 விழுக்காடு அல்லது 100 பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருந்தால் பதிவு கோரலாம். நிர்வாகத்தின் சம்மதம் எங்கும் கேட்கப்படவில்லை. ஆயினும் சாம்சங் நிறுவனம் தன் பெயரைச் சங்கம் பயன்படுத்தக் கூடாது என்று எதிர்ப்புத் தெரிவித்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. என் பார்வையில், நிர்வாகங்களின் கையிலுள்ள மிகக் கூர்மையான ஆயுதம் பணிநீக்கம் அன்று, காலம்தான். காத்திருக்கும் மாதங்களில்தான் மேற்பார்வையாளர்கள் வீட்டுக்கு வருவதும், பெற்றோரிடம் பேசுவதும், உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வதும் நடக்கின்றன.

கேள்வி (கோயம்புத்தூர்): முன்னணியில் நிற்கும் இருவரை வெளிமாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒருவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்துள்ளது.

பதில்: நிர்வாகக் கொள்கை என்ற போர்வையில் உள்நோக்கத்துடன் செய்யும் இடமாற்றமும் நேர்மையற்ற தொழில் நடவடிக்கைகளின் அதே பட்டியலில் உள்ளது, சிக்கல் உள்நோக்கத்தை நிறுவுவதில்தான். எனவே முந்தைய மாறுதல்கள் யாருக்கு, எப்போது நடந்தன என்ற விவரத்தை இன்றே திரட்டுங்கள். குறிப்பாணைக்குக் கெடு தவறாமல் எழுத்தில் பதில் கொடுங்கள். கோபத்தில் உள்விசாரணையைப் புறக்கணித்தால் ஒருதலைப்பட்சமாகவே முடித்துவிடுவார்கள். கோரிக்கைப் பட்டியலைக் கொடுத்துத் தொழிலாளர் துறையில் தாவாவும் (தொழில் தகராறு) எழுப்புங்கள். சமரசப் பேச்சு நிலுவையில் இருக்கையில், அந்தத் தாவாவோடு தொடர்புள்ள குற்றச்சாட்டின்பேரில் ஒருவரை நீக்க முன் அனுமதி தேவை. தொடர்பில்லாத குற்றச்சாட்டானாலும் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, ஒப்புதலுக்கு மனுச் செய்தாக வேண்டும்.

கேள்வி: எங்கள் ஆலையில் பாதிப்பேர் டிரெய்னியும் கான்ட்ராக்டும்தான். அவர்களைச் சேர்க்கலாமா?

பதில்: ஒப்பந்தத் தொழிலாளரைச் சேர்க்கலாம். டிரெய்னிகளில், பயிலுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி அமர்த்தப்பட்டவர்கள் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். அந்த ஏற்பாடு பல ஆலைகளுக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி உண்டு. அந்தக் கணக்கு நிறையும் முன் ‘பிரேக்’ கொடுத்து அனுப்புகிறார்களா என்று வருகைப் பதிவைப் பாருங்கள்.

கேள்வி: பதிவுச் சான்றிதழ் வந்தும் எங்களோடு பேச மறுக்கிறார்கள்.

பதில்: பதிவு வேறு, அங்கீகாரம் (பேச்சுவார்த்தைக்குரிய சங்கமாக நிர்வாகம் ஏற்பது) வேறு. மகாராஷ்டிரத்தில் 1971-இலேயே அங்கீகாரத்துக்குத் தனிச் சட்டம் வந்தது. இங்கே 1958-ஆம் ஆண்டின் ஒழுங்குநெறியைத்தான், அதாவது கட்டாயமில்லாத ஓர் உடன்பாட்டைத்தான், காட்டிக்கொண்டிருந்தோம். பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 விழுக்காடு ஆதரவுள்ள சங்கமே பேச்சுவார்த்தைக்குரிய ஒரே சங்கம் என்கிறது புதிய தொகுப்பு. ஆகவே இனிமேல் நிர்வாகச் சார்புள்ள போட்டிச் சங்கங்கள் இன்னும் பெருகும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: நிர்வாகம் நம்மீது வழக்குப் போட முடியுமா?

பதில்: போட்டிருக்கிறார்கள். 1918-இல் சென்னையின் பி அண்ட் சி துணி ஆலைத் தொழிலாளரைக் கொண்டு தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி. பி. வாடியா உள்ளிட்டோர்மீது அந்த ஆலையை நடத்திய பின்னி நிறுவனம் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டக் கூடாது என்று தடையும் பெற்றது. அதன் பின்விளைவாக எழுந்த கோரிக்கையிலிருந்தே 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கத்துக்கு இத்தகைய வழக்குகளிலிருந்து பாதுகாப்பும் கிடைத்தது. ஆனால் வாயிலிலிருந்து இத்தனை மீட்டருக்குள் கூடக் கூடாது என்ற தடையுத்தரவு இன்றும் எளிதில் கிடைக்கிறது. வழக்கு வரும் என்று தோன்றினால் உரிய உரிமையியல் நீதிமன்றத்தில் முன்கூட்டியே கேவியட் மனு (எங்களைக் கேட்காமல் உத்தரவிடக் கூடாது என்ற மனு) போடுங்கள். அது 90 நாள் செல்லும், உங்களுக்குத் தெரிவிக்காமல் தடை பெறுவதும் கடினமாகும்.