திருவருகைக் காலம் என்பது கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணுவதுதானா?

இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய இந்தக் காலத்தில் ஸ்டார் கட்டுவது, குடில் வைப்பது, கேக்குக்குச் சொல்லி வைப்பது என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருப்போம், அதனால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் கத்தோலிக்க ஆலயத்தில் முதல் ஞாயிறு பூசையின் நற்செய்தியைக் கவனித்துக் கேளுங்கள், அதில் குழந்தை இயேசுவே வரமாட்டார். வளர்ந்த இயேசு, தாம் திரும்பி வரும் நாளைப் பற்றிப் பேசி, விழிப்பாய் இருங்கள் என்கிறார். டிசம்பர் 16 வரை இந்த எதிர்பார்ப்புதான் முன்னால் நிற்கும், 17-ஆம் தேதியிலிருந்துதான் வழிபாடு பெத்லகேம் பக்கம் திரும்பும்.

நடுவில் இரண்டு ஞாயிறுகள், இயேசுவுக்கு வழியை ஆயத்தம் செய்த இறைவாக்கினர் திருமுழுக்கு யோவானுக்கு. என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் கேட்க, இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்கிறார் அவர் (லூக்கா 3). எனக்கு இந்தக் காலத்தின் உயிரே இந்த இடம்தான். காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இல்லை, அலமாரியைத் திறந்து பார்ப்பதும் அதில் சேர்த்திதான்.

அப்புறம் பூசையில் குரு அணியும் ஊதா உடை, அது மனமாற்றத்தின் நிறம். மூன்றாம் ஞாயிறு மட்டும் ரோஜா நிறம் அணியலாம், மகிழ்ச்சி நெருங்கிவிட்டது என்பதற்காக. பூசையில் கடவுளைப் புகழ்ந்து பாடும் 'உன்னதங்களிலே' கீதத்தையும் இந்த ஞாயிறுகளில் பாடுவதில்லை. அதைக் கிறிஸ்துமஸ் இரவுக்கென்று வைத்திருக்கிறார்கள்.

12-ஆம் நூற்றாண்டுத் துறவி புனித பெர்நார்து மூன்று வருகைகளைச் சொன்னார்: பெத்லகேமில் வந்தது, இறுதியில் வரப்போவது, இடையில் இன்று நம் உள்ளத்துக்குள் வருவது. இந்த மூன்றாவதை வைத்துத்தான் பலர் இந்த வாரங்களில் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறப் போகிறார்கள், பேசாமல் இருந்த உறவினருக்குப் போன் செய்கிறார்கள்.