அப்பா, வெளியே வாங்களேன்

கேள்வி: வயது 46. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு போனில் விண்வெளிப் படங்களும் வீடியோக்களும் பார்ப்பேன். ஹபிள், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிகள் எடுத்ததைப் பார்த்தால் கண் கலங்கும், பிரார்த்தனையில்கூட எனக்கு அது கிடைத்ததில்லை. மனைவி இதை அடிமைத்தனம் என்கிறாள். முழு சந்திர கிரகணத்தன்று 11 வயது மகள் வெளியே வந்து பார்க்கக் கூப்பிட்டாள், அதைவிடத் தெளிவான நேரலை என் கையிலேயே இருந்தது. இப்போது அந்தப் பிரமிப்பு குறைந்துகொண்டே வருகிறது. வேறு நல்ல சேனலோ தியான ஆப்போ சொல்ல முடியுமா?

பதில்: சேனலும் சொல்ல மாட்டேன், ஆப்பும் சொல்ல மாட்டேன். உங்களுக்கும் மனைவிக்கும் நடக்கிற வழக்கில் தீர்ப்பும் கிடையாது. போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன். மகள் கூப்பிட்டாள், நீங்கள் போகவில்லை.

தெளிவாக இருந்ததாம்! உங்கள் கையில் இருந்தது யாரோ ஒருவர் தன் கேமராவைத் திருப்பிக் காட்டிய நிலா. வெளியே என்ன நடந்தது தெரியுமா? பூமியின் விளிம்பைச் சுற்றி அந்த நேரத்தில் எங்கெல்லாம் விடிகிறதோ, எங்கெல்லாம் பொழுது சாய்கிறதோ, அத்தனை இடத்துச் சிவப்பு வெளிச்சமும் காற்று மண்டலத்தில் வளைந்து போய் நிலாவின் மேல் விழுகிறது, நிலா அதனால்தான் சிவக்கிறது. அந்த வெளிச்சம் அங்கே பட்டுத் திரும்பி 1.3 நொடியில் உங்கள் மகளின் கண்ணுக்குள் வந்தது. வெறும் கண்ணாலேயே பார்க்கலாம், ஒரு கருவியும் வேண்டாம். ராத்திரி ராத்திரியாக நீங்கள் தேடுகிற அதே விஷயம் வாசலுக்கே வந்திருக்கிறது, கூப்பிட ஒரு குழந்தையும் வந்திருக்கிறாள், நீங்கள் எழுந்திருக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வருகிறது.

பிரமிப்பு ஏன் குறைகிறது என்று கேட்கிறீர்கள். ஒன்று மனதில் இறங்குவதற்குள் அடுத்தது தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது, வேறென்ன ஆகும்? ஹபிள் 1995 டிசம்பரில், ஒன்றுமே இல்லாதது போலத் தெரிந்த ஒரு துளி வானத்தை 10 நாள் உற்றுப் பார்த்தது. சுமார் 3,000 விண்மீன் திரள்கள் அதில் தெரிந்தன. அந்தப் படத்தை நீங்கள் எத்தனை நொடி பார்த்தீர்கள்? சரி, அதை விடுங்கள், மகளின் முகத்தைக் கடைசியாக எப்போது அப்படிப் பார்த்தீர்கள்?

பிள்ளை கூப்பிட்டால் எழுந்து போக வேண்டும். மனம் வந்தால் போவது, வராவிட்டால் இருப்பது என்பதெல்லாம் பெற்றவனுக்குக் கிடையாது, இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். "அப்பா, இதைப் பாருங்களேன்" என்று ஓடி வருகிற வயது ரொம்பக் கொஞ்ச நாள்தான். இரண்டு மூன்று தடவை வராமல் இருந்தால் பிள்ளைகள் கூப்பிடுவதையே விட்டுவிடுவார்கள், சண்டைகூடப் போட மாட்டார்கள். இப்படிக் கடிதங்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன, பிள்ளை பேசுவதே இல்லை என்று எழுதுவார்கள்.

இன்றைக்கே போனை வேறு அறையில் வைத்துவிட்டு அவளிடம் போங்கள். அன்றைக்கு வராதது என் தப்பு என்று சொல்லுங்கள். அப்புறம், நிலா எப்படி இருந்தது என்று கேளுங்கள். சிவப்பாக இருந்தது என்பாள். ஏன் சிவந்தது என்று நான் மேலே எழுதியதை அங்கே ஒப்பிக்க வேண்டாம், அவள் சொல்லி முடிக்கட்டும்.